ஏப்ரல் மேயில் துக்கம் கிடையாது

ஒப்பந்தத்தில் பத்து மாதம் என்று போட்டிருக்கிறது.
ஜூன் முதல் மார்ச் வரை.
ஏப்ரல், மே மாதங்களில்
லிங்கராஜபுரத்துப் பிள்ளைகளுக்குத்
துக்கம் கிடையாது என்று
நிர்வாகம் முடிவு செய்திருக்கிறது.

எனக்கென்று ஓர் அறை உண்டு.
முன்பு விளையாட்டுச் சாமான் அறை.
காற்றுப்போன பந்துகள் பதினொன்று
இன்னமும் மூலையில் வலைக்குள் கிடக்கின்றன.
ஆயிரத்து நூற்றிருபது பிள்ளைகளுக்கு ஒருத்தி.
பரீட்சை வந்தால் அறை விடைத்தாள் கட்டுகளுக்கு.
மாடிப்படியில் உட்கார்ந்து
அழுகையைக் கேட்பேன்.
மணி அடித்ததும் பிள்ளை
சட்டைக்கையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு
சமூக அறிவியலுக்குப் போய்விடும்.

ஓசூரிலிருந்து அம்மா போனில் கேட்டாள்:
பேசறதுக்கா சம்பளம் தர்றாங்க?
இல்லம்மா, பேசாம இருக்கறதுக்கு.
அது அவளுக்கு இன்னும் மோசமாகப் பட்டது.

சனிக்கிழமை கோரமங்களாவில் நேர்காணல்.
கண்ணாடி அறை, வாயில் போட்டதும் கரையும் பிஸ்கட்.
என்னைவிட ஆறு வயது சின்னப் பையன்
துறை வளர்கிறது மேடம் என்று
திரையில் ஒரு கோட்டைக் காட்டினான்.
மேலே மேலே போய்க்கொண்டிருந்தது கோடு.
அதன் ஒவ்வொரு புள்ளியும்
ஏதோ ஒரு வீட்டில்
கதவு அறைந்து சாத்தப்படும் சத்தம் என்று
சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.
வேலை வேண்டுமே.

ஒரு நாளைக்கு ஒன்பது குடும்பம் பார்ப்பீங்களா?
ஒன்றுக்கு முப்பத்தைந்து நிமிடம்.
மிச்சத்தை ஆப் பார்த்துக்கொள்ளும்.
மிச்சம் என்றால் எது என்று கேட்டேன்.
எதையோ குறித்துக்கொண்டான்.

சொந்த வண்டி உண்டா, என்னென்ன மொழி வரும்.
கன்னடம் வரும். தமிழ். தெலுங்கு ஒப்பேற்றுவேன்.
உருதுவில் 'பயப்படாதே' மட்டும் தெரியும்,
ஃப்ரேசர் டவுன் தங்கை ஒருத்தி
தன் தம்பிக்குச் சொல்லக் கேட்டுப் பிடித்துக்கொண்டது.
இதை அனுபவத்தில் சேர்ப்பதா
மொழியில் சேர்ப்பதா தெரியவில்லை.

ஜெரிக்குக்கு ஏழு வயது.
ஆகஸ்டிலிருந்து என்னிடம் ஒரு சொல் பேசியதில்லை.
மணல் தொட்டியில் ரப்பர் முதலையைப் புதைப்பான்.
தோண்டுவான். புதைப்பான்.
அப்பா ஒரு புதன், அம்மா மறு புதன்.
ஒரே நாற்காலிதான் இருவருக்கும்.
உட்காருமுன் இருவருமே
அதைக் கைக்குட்டையால் துடைப்பார்கள்.

பிப்ரவரியில் ஒருநாள்
முதலை வெளியிலேயே கிடந்தது.
மிஸ், என்கூட விளையாடறதுக்கு
உங்களுக்குக் காசு தர்றாங்களா?

நான் படித்த படிப்பில்
இதற்கு நான்கு விதமான பதில் உண்டு.
ஆமாம் என்றேன்.
எவ்ளோ?
சொன்னேன்.
கொஞ்ச நேரம் விரலை மடக்கிப் பார்த்தான்.
எங்கப்பா போன் இதைவிட ஜாஸ்தி, மிஸ்.
அதைச் சொல்லும்போது
அவன் குரலில் பெருமை இல்லை.
எனக்காக வருத்தப்பட்டான்.
ஏழு மாதத்தில் அவன் முதல் வருத்தம்
வெளியே வந்தது என் சம்பளத்தின் மேல்.
கோப்பில் 'முன்னேற்றம்' என்று எழுதினேன்.

இன்று மார்ச் முப்பத்தொன்று.
கோரமங்களாவிலிருந்து கடிதம் வந்துவிட்டது,
இரவு பத்துக்குள் பதில் வேண்டுமாம்.
இங்கே ஜூனைப் பற்றி
யாரும் எதுவும் சொல்லவில்லை.
ஆபீஸ் மல்லிகார்ஜுனப்பா
பட்டியலோடு வாசலில் நிற்கிறார்.

கைப்பொம்மை பதினான்கு. சரி.
முகபாவ அட்டை ஒரு கட்டு,
கோபம் மட்டும் தொலைந்திருக்கிறது. சரி.
முதலை?

கடைசி மணிக்கு முன் ஓடி வந்து
ஆழமாகப் புதைத்துவிட்டுப் போயிருக்கிறான்.
ஜூன்ல நாம தோண்டலாம், மிஸ்.
அதுவரைக்கும் தூங்கட்டும்.

முதலை ஒன்று என்று எழுதிக்கொள்ளுங்கள் சார்.
எங்கேம்மா?
உள்ளே.

தொட்டியின் மேல் ஒரு தாள் ஒட்டினேன்,
கன்னடத்தில், பெரிய எழுத்தில்:
மணலைக் கலைக்க வேண்டாம்.
யார் சொன்னதென்று போட இடமிருந்தது.
பதவியை எழுதுவதா, பெயரையா
என்று நின்றுகொண்டிருக்கிறேன்.